சின்ன அரங்கில் நேரடி இசை: தங்கையைக் கூட்டிப் போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உள்ளூர் இசைக்குழுக்கள் வாசிக்கிற சின்ன அரங்குக்கு என் தங்கையை ஒரு ராத்திரி கூட்டிப் போக ஆசை. கிட்டார் வாசிப்பவரின் விரலைப் பக்கத்திலிருந்து பார்த்தபடி கேட்கிற சுகம் பெரிய மைதானக் கச்சேரியில் கிடைக்காது. அவளும் அதை அனுபவிக்க வேண்டும்.

சிக்கல் அவள் காதுதான். சத்தம் கூடினால் பிறகு வெகுநேரம் உள்ளே இரைச்சல் கேட்கும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்கிற பாதுகாப்பு வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதியாகி, 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு வந்துவிடுகிறது. சின்ன அறையில் டிரம்ஸ் மைக் இல்லாமலே அந்தப் பக்கம் போய்விடும்.

பஞ்சு மாதிரியான காதடைப்பான் மேல் சுருதிகளை அதிகமாக விழுங்கிவிடுகிறது, பாட்டு மங்கிப்போகிறது. எல்லா சுருதியையும் ஒரே சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான வகையை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மூன்று மணி நேரம் போட்டிருந்தால் வலிக்குமா?

நிற்கிற இடமும் சொல்லுங்கள். மேடையை ஒட்டி நின்றால் குரல் வருகிற ஸ்பீக்கர்கள் நம்மைத் தாண்டிப் பாடும், வரிகள் புரியாது. ஒலியைச் சரிசெய்கிற மிக்ஸர் மேசைப் பக்கம்தான் ஒலி சீராக இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் அவளுக்கு அதுவும் அதிகமோ?

இன்னொன்று: அவளுக்கு முடியாமல் போனால் பாட்டின் நடுவே எழுந்து வருவது வாசிப்பவர்களை நோகடிக்குமா? மேடையேறி வாசிக்கும் அண்ணன், அக்காமார் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.