குறைந்த செலவில் இழுவை கூட்டிய மொரிஸ் மைனர் – அனுபவப் பகிர்வு

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1965ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி எஞ்சின். யாழ்ப்பாணத்துச் சமதரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மனைவியின் ஊர் மலைநாட்டு ஹட்டன் என்பதால்தான் இந்த வேலையே தொடங்கியது. நான்கு பேரும் சாமான்களும் ஏறிவிட்டால் போகும் வழியிலுள்ள கினிகத்தேனை ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்காது. இரண்டாம் கியருக்கு இறக்கினால் எஞ்சின் கத்துமே தவிர வண்டி ஊர்ந்துதான் போகும். கையில் இருந்த காசும் கொஞ்சம். அதை எங்கே போட்டால் இழுவை வரும் என்று தேடித்தேடிச் செய்ததை எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

எஞ்சினைத் திறந்தபோது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குக் கீழே, இடைவெளியை அடைக்கிற கேஸ்கட் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பார்த்ததுமே விளங்கிவிட்டது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் அதிக அழுத்தம் தாங்காது, கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் நொக்கிங் வந்துவிடும். அழுத்தத்தைக் குறைப்பதற்காக யாரோ ஒரு கெட்டிக்கார மெக்கானிக் கேஸ்கட்டை இரட்டிப்பாக்கியிருக்கிறார். அந்த நாட்களில் எங்கள் தெருவில் யாருக்கு வருத்தம் வந்தாலும் இந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அந்த மெக்கானிக்குக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் படிந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு அடியில் ஒயில் தங்கும் சம்புக்குள் இறங்கும். சிலிண்டரின் உள்துளையான போரின் மேல்பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகவே இருந்தது.

வேலைக்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். மைனரின் 948 சிசி எஞ்சினுக்கு 37 குதிரைத்திறன், 1098க்கு 48. இழுவையைப் பார்த்தால் 948இல் 50 பவுண்ட்-அடி, 1098இல் 60. இரண்டிலும் அந்த உச்சம் வருவது நிமிடத்துக்கு 2500 சுற்றில். மலையில் மூன்றாம் கியரில் எஞ்சின் சுற்றுவதும் கிட்டத்தட்ட அங்கேதான். 5000 சுற்றில் கிடைக்கிற குதிரைத்திறனை நம்பி இரட்டைக் காபரேட்டர், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் ரேஸ் ரகம் என்று காசைக் கொட்டினால் 2500இல் இருப்பதும் குறைந்துவிடும். ரேஸ் கேம் இன்டேக் வால்வைப் பிந்தித்தான் மூடும். குறைந்த சுற்றில் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். ஆகவே கேம் பழைய அளவு, காபரேட்டர் பழைய எஸ்யூ (SU) ரகம், காசு முழுக்க லேத் வேலைக்கு என்று முடிவு செய்தேன். கடைசியில் செலவில் அரைவாசிக்கு மேல் லேத்துக்கே போனது. அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

போர் 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் ஒரு மில்லிமீற்றர் பெரிதாக்கினோம். 64.58 மில்லிமீற்றர் 65.6 ஆனது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 83.72 அப்படியேதான், ஆக மொத்தம் 1132 சிசி. இந்த நீளமான ஸ்ட்ரோக்தான் 1098இன் சொத்து.

அடுத்தது அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது. என் அனுபவத்தில் குறைந்த காசுக்கு அதிக பலன் தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பனி அளவு 8.5 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு 36.6 சிசி. அந்த இடத்தை அப்படியே விட்டு போரை மட்டும் பெரிதாக்கினாலே விகிதம் 8.7 ஆகிவிடும். எனக்கு 9 வேண்டும். அதற்கு மிஞ்சும் இடம் 35.4 சிசியாக இருக்க வேண்டும், வித்தியாசம் ஒரு சிசிக்குச் சற்றுக் கூட. இவ்வளவு சின்னக் கணக்கைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது.

ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்தோம். வால்வுகளும் பிளக்கும் பூட்டி, கலவை எரியும் குழியான சேம்பரின் விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, ஓரத்தில் துளையிட்ட, கண்ணாடி போன்ற பெர்ஸ்பெக்ஸ் தகட்டை மேலே அழுத்தினோம். அந்தத் துளை வழியாக ஊசி போடுகிற சிரிஞ்சால் மண்ணெண்ணெய் ஏற்றவேண்டும். கடைசியில் ஒரு காற்றுக் குமிழி தகட்டுக்கு அடியில் ஓடித் திரியும். ஹெட்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கினால் அது துளைக்கு வந்து வெளியேறும், அப்போதுதான் அளவு சரி. நான்கு சேம்பரும் நான்கு அளவில் இருந்தன. பெரியதற்குச் சமமாக மற்ற மூன்றையும் கிரைண்டரால் தடவி எடுத்தோம், அதன் பிறகே ஹெட்டின் முகத்தைச் சீவக் கொடுத்தோம். சீவி வந்ததும் திரும்ப அளந்தோம். கேஸ்கட்டின் தடிப்பும் பிஸ்டன் தலையின் கிண்ணமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. 9க்கு மேலே போகலாம் என்று சிலர் சொன்னார்கள். இங்கே கிடைக்கிற 92 ஒக்டேன் பெற்றோலும் வன்னி வெயிலும் சேர்ந்தால் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த ஹெட்டில் கலவை வரவும் புகை போகவும் ஐந்தே வாசல்கள். ஒன்றாம் இரண்டாம் சிலிண்டர்கள் ஓர் இன்டேக்கைப் பங்குபோடும், மூன்றும் நான்கும் இன்னொன்றை. வார்ப்பில் நின்ற பிசிறையும் கேஸ்கட் ஓரத்துப் படியையும் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். வாசலைப் பெரிதாக்கினால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் விழுந்து இழுவையும் விழும். ஈயம் இல்லாத பெற்றோலில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும் என்பதால் எக்ஸோஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் போட்டேன்.

கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் செயினை யாரும் கவனிப்பதில்லை. செயின் நீண்டால் கேம் பிந்தும். கேம் பிந்தினால் இழுவை மேல் சுற்றுக்கு நகர்ந்துவிடும். புதுச் செயினின் விலை பிஸ்டன் செட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எஞ்சினைத் திறந்தவர்கள் அதை மாற்றாமல் மூடாதீர்கள்.

அப்புறம் எஞ்சினைத் தொடாமலே கிடைத்த இழுவை ஒன்று. 1098 மைனரின் பின் அச்சு விகிதம், அதாவது சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை தடவை சுற்றுகிறது என்பது, 4.22. பழைய 948 வண்டிக்கு 4.55. கழித்துப் போட்ட ஒரு 948இலிருந்து அந்த விகிதத்தைத் தரும் டிஃபரென்ஷலை அப்படியே எடுத்துப் பூட்டினோம், வெட்டு ஒட்டு எதுவும் தேவைப்படவில்லை. சில்லுக்குப் போகும் இழுவை எட்டு வீதம் அளவில் கூடியது. ஏ9 வீதியில் எஞ்சின் கொஞ்சம் கூடச் சுற்றும்தான், எனக்கு அது பிரச்சினை இல்லை.

இப்போது கினிகத்தேனை ஏற்றத்தில் பெரும்பகுதியை நான்கு பேரோடு மூன்றாம் கியரிலேயே ஏறுகிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் இரண்டு.

ஹட்டனிலிருந்து:

அண்ணன், படிக்கச் சந்தோசமாக இருந்தது. நான் இந்த மலையிலேயே மைனர் ஓட்டுகிறவன். எழுதாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஏறுவதற்கு இழுவை கூட்டினால் இறங்குவதற்கு பிரேக்கும் கூட்ட வேண்டும். 948 வண்டிகளில் முன் டிரம் 7 அங்குலம், 1098 வந்தபோது 8 ஆக்கினார்கள். பழைய வண்டியில் 1098 எஞ்சினை இறக்குகிறவர்கள் முன் பிரேக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். றம்பொடையில் இறங்கும்போது டிரம் சூடேறிக் கால் உள்ளே போவது பயங்கரம்.

கிளச்சையும் பாருங்கள். 948க்கு 6¼ அங்குலம், 1098க்கு 7¼. சின்னக் கிளச் இந்த ஏற்றத்தில் வழுக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்று மெல்லியது, அதனால் எஸ்யூ கலவை கொஞ்சம் ரிச் (பெற்றோல் கூடியது) ஆகத்தான் தெரியும். மேலே வந்து கலவை நட்டைத் திருகிச் சரிசெய்துவிட்டு அப்படியே கீழே இறங்கினால் லீன் (பெற்றோல் குறைந்தது) ஆகி எஞ்சின் சூடாகும். கீழே வைத்த அளவிலேயே ஓட்டுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. 1089 சிசி, போர் 68, ஸ்ட்ரோக் 75 மில்லிமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு, ஸ்டியரிங் பக்கத்துக் கியரைப் போட்டுப்போட்டே கை வலிக்கும். அண்ணா சொன்ன மாதிரி நானும் கார்ப்பரேட்டர் மாற்றவில்லை. ஆனால் இருக்கிற சோலெக்ஸ் கார்ப்பரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தண்டு தேய்ந்து இரண்டு பக்கமும் காற்று இழுத்துக்கொண்டிருந்தது. கால் லேசாக வைத்தால் வண்டி திக்கும். லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் அடித்ததும் அந்தத் திக்கல் போய்விட்டது. கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை, இந்த வேலைக்கு ஆனது ரொம்பச் சின்னத் தொகை.

பத்மினிக்கு ஹெட் அலுமினியம். ஒருமுறை தண்ணீர் வற்றி சூடேறினாலும் வளைந்துவிடும். அதனால் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்து, வளைவு போகிற அளவுக்கு மட்டும் ஃபேசிங் செய்தோம். போர் ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸில் இருந்ததால் உள்ளே புதுக் குழாயான ஸ்லீவ் இறக்கி மறுபடி 68க்கே வந்தேன். சிசி கூடவில்லை. இருந்தாலும் புது ரிங், நேரான ஹெட், சரியான வால்வு சீட் மூன்றும் சேர்ந்தபோது பர்லியாறு தாண்டி வண்டி இழுத்த இழுப்பு எனக்கே நம்ப முடியவில்லை. பழைய வண்டிகளில் பாதி இழுவை தேய்மானத்தில்தான் போயிருக்கிறது. முதலில் அதைத் திரும்ப எடுங்கள், புதிதாகச் சேர்ப்பதை அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொன்று, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் தெரிந்த நகைக்கடைத் தராசில் எடை போட்டு நான்கையும் சமமாக்கினேன். இதனால் இழுவை கூடாது, ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் அதிர்வு நன்றாகக் குறைந்தது. மும்பை டாக்சிகளில் கடைசிப் பத்மினிகள் 2023 அக்டோபரோடு நின்றுபோயின. உதிரி பாகம் கண்ணில் படும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஹெட்டை இறுக்கியது பற்றி அண்ணா எழுதவில்லையே, மைனருக்கு எவ்வளவு?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, தேய்மானம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மைனர் ஹெட் நட்டுகளுக்கு 40 பவுண்ட்-அடி. நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, டோர்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் எஞ்சின் குளிர்ந்த நிலையில் திரும்ப ஒருமுறை இறுக்கி, வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையிலான டப்பெட் இடைவெளியை 12 தௌவில் வைத்தேன். ஹெட்டை இறுக்கினால் டப்பெட் இடைவெளி மாறும், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள்.

கலவை பார்ப்பதற்கு எஸ்யூவில் மீற்றர் ஒன்றும் தேவையில்லை. எஞ்சின் சூடாக ஐடிலில் நிற்கும்போது காபரேட்டரின் பக்கத்தில் இருக்கும் ஊசியால் அதற்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். சுற்று ஏறி அப்படியே நின்றால் கலவை ரிச். எஞ்சின் நின்றுபோனால் லீன். ஒரு கணம் ஏறிப் பழையபடி இறங்கினால் சரி. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், உள்ளே தட்டு அசைய வேண்டும். அசையாவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டு பிளக் பொறி விழும் டைமிங்கைத் திரும்பப் பாருங்கள்.