டேங்கில் 62 சதவீதம் தண்ணீர் என்று திரை காட்டுகிறது, மாடுகளின் தொட்டியோ வறண்டு கிடக்கிறது: தவறு எங்கே?

கேள்வி (மேய்ச்சல்வெளி):

வணக்கம். ஏறத்தாழ 600 மாடுகள் உள்ள ஒரு பண்ணையில் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. மேய்ச்சல் நிலம் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் 50,000 லிட்டர் கொள்ளும், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு சேமிப்பு டேங்கும், அதிலிருந்து குழாய் வழியாக நிரம்பும் 2,000 லிட்டர் தொட்டி ஒன்றும் உள்ளன. டேங்குகளை மூன்று நாட்களுக்கு ஒரு முறை நிரப்புகிறோம். டேங்கின் மூடியில் பொருத்திய, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து, நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ வழியாக அலுவலகக் கூரையில் உள்ள கேட்வேக்கு (செய்திகளை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) அனுப்பும். நான் அதைக் கைபேசியில் பார்ப்பேன்.

சிக்கல் மூன்றாவது டேங்கில்தான். சில வாரங்களாக அதிகாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை அது 100 சதவீதம் என்று காட்டுகிறது. பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. இதை ஒரு சிறு கோளாறு என்று விட்டுவிட்டேன். முந்தாநாள் காலை அந்தத் தவறுகூட இல்லாமல் திரையில் 62 என்று இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். ஒன்பது மணிக்கு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அப்பகுதியின் 200 மாடுகளும் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றிருந்தன. தொட்டியின் அடியில் பச்சைப் பாசி மட்டும் ஈரமாக ஒட்டியிருக்க, ஒரு பசு அதை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தோம், மாடுகள் பிழைத்துக்கொண்டன. சென்சாரை மாற்ற வேண்டுமா, ஆன்டெனாவை உயர்த்த வேண்டுமா என்று வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி (கம்பியில்லாத்தடம்):

எதையும் வாங்குவதற்கு முன் பதிவுகளைப் பாருங்கள். திரையில் தெரியும் சதவீதம் கணக்கிட்டு வந்த எண். அதற்குக் கீழே சென்சார் அளந்த தூரம், பேட்டரியின் மின்னழுத்தம், சிக்னல் வலிமை, செய்தி வந்த நேரம் ஆகிய நான்கும் பதிவாகியிருக்கும். குறிப்பாக, முந்தாநாள் காலை நீங்கள் கண்ட 62 எத்தனை மணிக்கு அளக்கப்பட்டது? பல செயலிகள் புதிய செய்தி வராவிட்டாலும் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தொட்டி வறண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று எழுதவில்லையே?

மேய்ச்சல்வெளி:

இன்று டேங்கின் மேல் ஏறிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அளவுகோலை விட்டுப் பார்த்ததில் 1.86 மீட்டர், அதாவது சரியாக 62 சதவீதம். இதை முதல் நாளே செய்யத் தோன்றாதது என் தவறுதான். தொட்டி நிறைந்ததும் தண்ணீரைத் தானாக நிறுத்தும் மிதவை வால்வைக் கழற்றியபோது, அதன் துளையில் கட்டைவிரல் அளவுக்குப் பாசிக்கட்டி அடைத்திருந்தது.

பதிவுகளைப் பொறுத்தவரை, கடைசிச் செய்தி, வறண்ட தொட்டியைக் கண்ட நாளுக்கு முந்தைய நாள் மாலை 6:40-க்கு வந்திருக்கிறது. அப்போது பேட்டரி 11.4 வோல்ட். அதற்கு முன் அன்று காலை எட்டு மணியிலிருந்து வந்த 40-க்கும் மேற்பட்ட செய்திகள் அனைத்திலும் 62 தான். அதிகாலைத் தவறு நேரும்போதெல்லாம் தூரம் சரியாக 25 சென்டிமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது.

மறுமொழி (கம்பியில்லாத்தடம்):

அப்படியானால் உங்களிடம் இருப்பது வால்வு அடைப்பு, தீர்ந்த பேட்டரி, அதிகாலைத் தவறு என மூன்று தனித்தனிக் கோளாறுகள்; ஒன்றை மற்றொன்று மறைத்திருக்கிறது.

முதலில் எளிதானதைச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழுமையாக ஏறியிருந்தால் ஓய்வில் 12.7 வோல்ட் அளவில் இருக்கும், 11.4 என்பது தீர்ந்துபோன பேட்டரி. சோலார் பேனலைத் துடைத்துப் பாருங்கள், இணைப்புகளில் துரு உள்ளதா என்றும் பாருங்கள். சிக்னல் வலிமை கடைசிவரை மாறாமல் இருந்திருந்தால் ஆன்டெனாவைத் தொட வேண்டாம்.

அதிகாலைச் சிக்கலுக்குக் காரணம் ஈரம். இரவில் திறந்த வானத்தின் கீழ் மூடியும் சென்சாரும் குளிர்ந்துவிடுகின்றன. டேங்கில் உள்ள தண்ணீர் அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், அதிலிருந்து எழும் ஆவி சென்சாரின் முகத்தில் துளிகளாகப் படிகிறது. இத்தகைய சென்சார் ஒலியை அனுப்பியபின் அதன் தகடு சிறிது நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வரும் எதிரொலியை அதனால் பிரித்தறிய முடியாது. முகத்தில் துளி ஒட்டியிருந்தால் அந்த அதிர்வு நீண்டு, அதையே எதிரொலி என்று கருவி எண்ணிக்கொள்கிறது. ஆகவே, தான் அளக்கக்கூடிய மிகக் குறைந்த தூரத்தையே அறிவிக்கிறது. உங்கள் கருவியின் கையேட்டில் குறைந்தபட்சத் தூரம் 25 சென்டிமீட்டர் என்று இருக்கும் என நினைக்கிறேன். தண்ணீர் கூரையைத் தொடுகிறது என்று அது சொல்லும்போது உண்மையில் அது எதையும் அளக்கவில்லை.

பகலிலும் ஒரு பிழை நேரலாம். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். வெயிலில் மூடியின் கீழ்க் காற்று 50 டிகிரியைத் தொட்டால், வெப்பத் திருத்தம் இல்லாத சென்சார் 2 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பிழையாகக் காட்டும்.

என் விருப்பம், டேங்கின் அடியில் மூழ்கியிருக்கும் அழுத்த சென்சார். ஒரு மீட்டர் தண்ணீருக்கு 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம்; பனித்துளியோ சிலந்திவலையோ அதைப் பாதிக்காது. அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் வகையாக இருந்தால் கம்பி அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும்: காலி டேங்க் என்றால் 4, அறுந்த கம்பி என்றால் 0. ஆனால் அதன் கேபிளுக்குள் வெளிக்காற்றோடு தொடர்புள்ள ஒரு மெல்லிய குழல் இருக்கும். அதன் வாயை உலர்வாக வைக்க வேண்டும். அது அடைபட்டால் வளிமண்டல அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறும்போது நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் மாறியதுபோலத் தோன்றும்.

மறுமொழி (தொழுவம்):

கருவி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் சென்சார் அன்று பகல் முழுவதும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. வெயில் நாளில் ஒரு மாட்டுக்கு 60 லிட்டர் என்று வைத்தாலும் 200 மாடுகள் 12,000 லிட்டர் குடிக்கும். உங்கள் டேங்கில் அது முக்கால் மீட்டர் இறக்கம். காலை எட்டிலிருந்து மாலை வரை ஒரு சதவீதம்கூட இறங்காமல் 62-லேயே நின்றதென்றால், மாடுகள் குடிக்கவில்லை என்று அந்தக் கோடு கூவிக்கொண்டிருந்தது. நாம் எல்லோரும் மட்டம் குறைந்தால் எச்சரிக்கை வரும்படி அமைக்கிறோம். குறையாமல் நின்றாலும் எச்சரிக்கை வரவேண்டும். பகலில் மூன்று மணி நேரம் மட்டம் அசையவில்லை என்றால் கைபேசி ஒலிக்கட்டும். அதுபோல ஒரு மணி நேரம் செய்தி வராவிட்டாலும் ஒலிக்கட்டும், திரையில் உள்ள பழைய எண் மறையட்டும்.

தொட்டியிலேயே, தண்ணீர் இறங்கினால் தெரிவிக்கும் ஒரு மிதவை சுவிட்ச் வையுங்கள். மாடுகளின் நாக்கும் கொம்பும் எட்டாதபடி வால்வு உள்ள மூடிய அறைக்குள் வைக்க வேண்டும். கேபிளை இரும்புக் குழாய்க்குள் கொண்டுசெல்லுங்கள். திறந்து விட்டால் ஒரே வாரத்தில் மென்றுவிடும். டேங்கிலிருந்து வெளியேறும் குழாய் அடிமட்டத்திலிருந்து சற்று உயரத்தில் தொடங்கினால் பாசியும் வண்டலும் வால்வு வரை வருவது குறையும்.

மறுமொழி (கால்நடை மருத்துவர்):

ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நீண்ட நேரம் தண்ணீரில்லாமல் இருந்த மாடுகளுக்கு, குறிப்பாக உப்புக்கட்டி நக்கும் மந்தைகளுக்கு, திடீரென்று வேண்டிய மட்டும் குடிக்கவிட்டால் மூளையில் வீக்கம் ஏற்பட்டு வலிப்பும் மரணமும் நேரலாம். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் வலிமையான மாடுகள் முட்டித் தள்ளிவிடும் என்பதால் மந்தையைச் சிறு குழுக்களாகப் பிரித்துவிடுவது நல்லது. தள்ளாட்டம், பார்வைக் குறைவு, வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே உங்கள் மருத்துவரை அழையுங்கள்.

மேய்ச்சல்வெளி (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர் சொன்ன அறிகுறிகள் எந்த மாட்டிலும் தென்படவில்லை. முறைப்படி கொடுக்கத் தெரியாமல் அன்று நாங்கள் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

பேனல் முழுவதும் பறவை எச்சம் படிந்திருந்தது. துடைத்து, பேட்டரியையும் மாற்றினேன். கையேட்டில் குறைந்தபட்சத் தூரம் 25 சென்டிமீட்டர் என்றே இருந்தது. மூன்றாவது டேங்கில் அழுத்த சென்சார் வைத்தபின் அதிகாலைத் தவறு இல்லை. தொட்டியில் மிதவை சுவிட்சும், நீங்கள் சொன்ன இரண்டு எச்சரிக்கைகளும் வேலை செய்கின்றன.

போன வாரம் நல்ல மழை. மட்டம் அசையவில்லை என்று பத்து மணிக்கு மூன்று பகுதிகளிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. மூன்றாவது தொட்டி நிறைந்திருப்பதாக மிதவை சுவிட்ச் சொல்லிவிட்டதால் மற்ற இரண்டுக்கும் மட்டும் நேரில் போனேன். இரண்டு தொட்டிகளும் நிறைந்தே இருந்தன; மாடுகள் பள்ளங்களில் தேங்கிய மழைநீரைக் குடித்துக்கொண்டிருந்தன. வீண் அலைச்சல்தான், ஆனாலும் எச்சரிக்கையை நிறுத்தவில்லை. அந்த இரண்டு தொட்டிகளுக்கும் மிதவை சுவிட்ச் வாங்கியாகிவிட்டது; நாளை பொருத்துகிறேன்.