வயதுத் தளர்வா, வயதுச் சலுகையா? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக வேலை அறிவிப்புகளை எளிய தமிழில் எழுதித் தருகிறேன். ஒரு சொல்லில் உங்கள் உதவி வேண்டும்.

மத்திய அரசு வேலைகளில் வயது உச்சவரம்புக்கு மேல் பட்டியல் சாதியினருக்கு 5 ஆண்டும், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் கூடுதலாக உண்டு. இதை எப்படிச் சொல்வது? வரம்பு அடியோடு நீங்கவில்லை, அதனால் ‘விலக்கு’ சரிவராது. ‘சலுகை’ என்றால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பது போல இருக்கிறது. உரிமையை அப்படி எழுத எனக்கு மனமில்லை. ‘தளர்வு’தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். 2021 மே மாதத்துத் ‘தளர்வுகளற்ற ஊரடங்கு’க்குப் பிறகு அந்தச் சொல் பலருக்கும் பழக்கம்தான். ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் அதை உடல் சோர்வு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், ‘விதி தளர்த்தப்பட்டது’, ‘விதியில் தளர்வு அளிக்கப்பட்டது’, இந்த இரண்டில் உங்களுக்கு எது இயல்பாகப் படுகிறது? காரணத்தோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.