இரண்டு சக்கரத்திலிருந்து மூன்றுக்கு: எந்த டிரைக் சரிவரும்? (இடது முழங்கால், மணிக்கட்டு பிரச்சினை, பில்லியன், அதாவது பின்னிருக்கையில் மனைவியும் உண்டு)

நெடுவழி

நண்பர்களுக்கு வணக்கம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்லூரிக் காலத்திலிருந்தே பைக்தான். இப்போது வைத்திருப்பது பெரிய டூரிங் பைக், எடை 350 கிலோவுக்கு மேல். இடது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வண்டி ஓடும்போது ஒரு சிக்கலும் இல்லை, நிற்கும்போதுதான் எல்லாம். சிக்னலில் இடது காலை ஊன்றி நிற்கையில் பின்னால் மனைவி கொஞ்சம் அசைந்தால்கூட மொத்தப் பாரமும் அந்தக் காலில் இறங்குகிறது. போதாக்குறைக்கு இடது மணிக்கட்டில் வாதம். நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுவதற்குள் கை மரத்துப்போகிறது.

ஓட்டுவதை நிறுத்த மனமில்லை, அவளுக்கும் இல்லை. அதனால் மூன்று சக்கரம் பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். ஆனால் வகைகளைப் பார்த்ததும் குழப்பம். முன்னால் இரட்டைச் சக்கரமா, பின்னால் இரட்டையா, சாய்ந்து திரும்பும் வகையா? இருக்கும் பைக்கையே டிரைக்காக மாற்றலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

மூன்றாம்கியர்

ஐயா, மாடலைப் பார்க்கும் முன் சில விஷயம் சொல்லுங்கள். வலது கால், கணுக்கால் எப்படி? தோள்பட்டை? இருக்கைக்கு மேலே காலைத் தூக்கிப் போட முடிகிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் இரட்டைச் சக்கரம் உள்ள கேன்-ஆம் ஸ்பைடர், ரைக்கர் இரண்டிலும் கைப்பிரேக் லீவரே கிடையாது. வலது காலால் மிதிக்கும் ஒரே பெடல்தான் மூன்று சக்கரத்தையும் பிடிக்கிறது. வலது முழங்கால் கெட்டவருக்கு அந்த வண்டியைச் சொன்னால் அது உதவி ஆகாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள ஹார்லி ட்ரை கிளைடு எடுத்தால் கிளட்ச் லீவர் உண்டு, இடது காலால் கியர் போடணும். இரண்டு சக்கரத்தை விட்டு ஏன் இறங்குகிறீர்கள் என்பதுதான் எந்த வண்டி என்பதை முடிவு செய்யும். பலர் இதை விட்டுவிட்டு வண்டியின் தோற்றத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

நெடுவழி

நல்ல கேள்வி தம்பி. வலது கால் திடமாக இருக்கிறது. தோளிலும் தொந்தரவு இல்லை. இடது முழங்கால் ஓரளவுக்கு மேல் மடங்காது. பின்பெட்டி இருப்பதால் காலைத் தூக்கிப் போடுவதுதான் சிரமம். மனைவிக்கு இடுப்பு வலி உண்டு, நல்ல முதுகுச் சாய்வு வேண்டும் என்கிறாள்.

மூன்றாம்கியர்

சரி, அப்படியானால் சாய்ந்து திரும்பும் வகையை முதலில் ஒதுக்கிவிடலாம். யமஹா நைக்கன் அருமையான வண்டி, 45 டிகிரி வரை சாயும், முன்னால் இரண்டு டயர் இருப்பதால் ஈரச் சாலையில் பிடிப்பு அதிகம். ஆனால் நின்றால் தானாக நிற்காது, காலை ஊன்றித்தான் ஆகணும், ஸ்டாண்டும் போடணும். மூன்று சக்கரம் என்ற பெயரை நம்பி வாங்கிவிட்டால் உங்கள் முழங்கால் அதே இடத்தில்தான் நிற்கும். பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டரில் சாய்வைப் பூட்டும் வசதி உண்டு. வேகம் வெகுவாகக் குறைந்ததும் பூட்டினால் காலை இறக்காமலே நிற்கலாம், ஆக்சிலரேட்டரைத் திருகினால் பூட்டு விடுபடும். ஊருக்குள் ஓட்ட அது நல்ல வழி. டூரிங் பைக்கில் பழகிய இருவர் நெடும்பயணத்துக்கு அதில் திருப்தி அடைவது கஷ்டம்.

இரட்டைப்பின்சக்கரம்

நான் ஹோண்டாவின் டூரிங் பைக்கான கோல்ட் விங்கைப் பின்னால் இரட்டைச் சக்கர டிரைக்காக மாற்றியமைத்து ஓட்டுகிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன் அண்ணா. பழகிய இருக்கை, பழகிய எஞ்சின், பெட்டியில் தாராளமான இடம். 2018 முதல் வரும் கோல்ட் விங்கில் 7 கியர் டிசிடி (தானாகக் கியர் மாறும் இரட்டைக் கிளட்ச் அமைப்பு) கிடைக்கிறது. அதில் கிளட்ச் லீவர் இல்லை, கியர் மிதியும் வேண்டியதில்லை. உங்கள் மணிக்கட்டுக்கு அதுவே பாதி நிம்மதி. இப்போது உங்களிடம் இருப்பது சாதாரண கிளட்ச் வண்டி என்றால், அதை மாற்றுவதில் செலவழிக்காதீர்கள். முழங்கால் தப்பும், மணிக்கட்டு தப்பாது.

மாற்றும் கிட்டில் இரண்டு விஷயம் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, பின்பக்கம் ஒரே முழு ஆக்சிலா, இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனா. முழு ஆக்சில் என்றால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலே வண்டி மொத்தமும் பக்கவாட்டில் ஆடும், பின் இருக்கையில் இருப்பவருக்கு அது நேராக இடுப்பில் போய் இறங்கும். இரண்டாவது, முன் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றித் தருகிறார்களா. பைக் சாய்வதால்தான் எளிதாகத் திரும்புகிறது. டிரைக் சாயாது, முன்சக்கரத்தை முழுக்கக் கைபலத்தால் திருப்ப வேண்டும். கோணத்தை மாற்றி டிரெயிலைக் குறைத்தால் (திருப்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) ஹேண்டில்பார் லேசாகும். அதைச் செய்யாத வண்டியில் வளைவான மலைப்பாதை ஒன்று ஓட்டிவிட்டு இறங்கினால் தோளும் முன்கையும் கெஞ்சும்.

பின்இருக்கை

நான் ஓட்டுபவள் இல்லை, பின்னால் உட்கார்ந்து வருபவள். எங்கள் வீட்டிலும் இதே மாற்றம் நடந்தது. ஐயாவுக்கு ஒன்று சொல்லணும், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

பைக்கில் வளைவில் போகும்போது வண்டியோடு நாமும் சாய்கிறோம், பாரம் நேராக இருக்கைக்குள் இறங்குகிறது. டிரைக்கில் அப்படி இல்லை. வளைவின் வெளிப்பக்கமாக உடம்பு தள்ளப்படும். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கு என்ன இருக்கிறது? கைதாங்கி இல்லாத இருக்கையில் நான் தொடையை இறுக்கிக்கொண்டே உட்கார்ந்து, இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கைதாங்கி, உயரமான முதுகுச் சாய்வு, கால் வைக்க அகலமான தட்டு, இந்த மூன்றும் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். டெஸ்ட் ரைடுக்கு அக்காவை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது பாதி சோதனைதான்.

மூன்றாம்கியர்

சகோதரி சொன்னது நூறு சதவீதம் உண்மை. நான் ஸ்பைடர் ஓட்டுகிறேன், என் தேர்வு முன்னால் இரட்டைச் சக்கரம்தான். காரணம் பிரேக். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் வளைவுக்குள் பிரேக் பிடித்தால் எடை முன்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரத்தை நோக்கி, வெளிப்பக்கமாகப் பாய்கிறது. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விடப் பார்க்கும். முன்னால் இரட்டை என்றால் அதே எடை இரண்டு அகன்ற டயர்களுக்கு இடையே இறங்குகிறது. ஸ்பைடரில் நிலைப்புக் கட்டுப்பாடும் உண்டு. உள்சக்கரம் லேசாகும்போதே எஞ்சின் சக்தியைக் குறைத்து, தேவையான சக்கரத்தை மட்டும் பிடிக்கும்.

ஸ்பைடரின் ஆர்டி மாடலில் 1330 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், அரைத்தானியங்கி 6 கியர், ரிவர்ஸ் உண்டு. கியரை இடது கைப் பொத்தானால் ஏற்றுவது, வேகம் குறைந்தால் தானே இறங்கிக்கொள்ளும். கிளட்ச் லீவர் இல்லை. ஸ்டியரிங்குக்கு மின்சார உதவியும் உண்டு. ரைக்கர் இன்னும் எளிது, முழுத் தானியங்கி, இருக்கை உயரம் சுமார் 600 மி.மீ.தான், காலை அதிகம் தூக்க வேண்டாம். ஆனால் அடிப்படை ரைக்கரில் ஒற்றை இருக்கைதான். பில்லியனோடு நெடும்பயணம் என்றால் ஆர்டி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒற்றை டயர், அதுவும் 225 மி.மீ. அகலம். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் அது தண்ணீர்மேல் மிதக்கும், பின்பக்கம் வழுக்கும். மழையில் வேகத்தை மனதார விட்டுக்கொடுக்கணும். பைக்கில் முன்டயரும் பின்டயரும் ஒரே தடத்தில் போகும், இதில் மூன்று தடம். முன்சக்கரத்தால் ஒதுக்கிவிட்ட குழியில் பின்சக்கரம் இறங்கும்.

இரட்டைப்பின்சக்கரம்

பிரேக் விஷயத்தில் தம்பியோடு சண்டையில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடணும், உள்ளே போனபின் பிரேக்கைத் தேடக்கூடாது. ஆனால் ட்ரை கிளைடு போன்ற வண்டியின் எடை 560 கிலோவுக்கு மேல், நேர்ச்சாலையில் அது தரும் அமைதி தனி. எது என்றாலும் ரிவர்ஸ் இல்லாத டிரைக்கைத் தொடவே வேண்டாம். இறக்கத்தில் முகம் கீழே பார்க்க நிறுத்திவிட்டால் யாராலும் பின்னால் தள்ள முடியாது.

சாலைஓரம்

இருக்கும் பைக்கிலேயே இரண்டு பக்கமும் சின்னத் துணைச் சக்கரம் பூட்டலாமே? நிற்கும்போது மட்டும் மோட்டாரால் இறங்கும் வகைகூட இருக்கிறது. செலவும் குறைவு.

மூன்றாம்கியர்

அது நல்ல யோசனைதான், நிற்கும்போது மட்டும் தொந்தரவு உள்ளவருக்கு. ஓடும்போது பைக் பைக்காகவே இருக்கும். இவருக்கு கிளட்சும் தொந்தரவு, காலைத் தூக்கிப் போடுவதும் தொந்தரவு. அவை இரண்டும் அப்படியே நிற்கும்.

ஐயா, வாங்குவதைவிட முக்கியமானது ஒன்று. இவ்வளவு வருட அனுபவம் முதல் சில நாட்களுக்கு உங்களுக்கு எதிராக வேலை செய்யும். பைக்கில் இடப்பக்கம் போக இடது பிடியை முன்னால் தள்ளுகிறோம், வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. இதை நாம் நினைத்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். டிரைக்கில் இடது பிடியைத் தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும், வண்டியும் வலப்பக்கமே போகும். இடப்பக்கம் போக இடது பிடியை இழுத்து வலது பிடியைத் தள்ளணும். நிதானமாக ஓட்டும்போது இது எளிதில் வந்துவிடும். எதிரே திடீரென்று ஏதாவது வரும்போதுதான் பழைய கை விழிக்கும். இடப்பக்கம் ஒதுங்க நினைத்து வலப்பக்கம் பாய்வது எதிர்வண்டிக்குள் போவதற்குச் சமம். அதனால் காலி மைதானத்தில் எட்டுப் போடுங்கள், சட்டென ஒதுங்கப் பழகுங்கள், முழு பிரேக் பிடித்துப் பாருங்கள். யோசிக்காமல் கை சரியாகத் திரும்பும்வரை சாலைக்குப் போகாதீர்கள். உடம்பையும் வளைவின் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து உட்காரணும்.

அடுத்து கால். நிற்கப் போகும்போது இடது கால் தானாகத் தரைக்கு இறங்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் பாதம் தரையைத் தொட்ட கணத்தில் பின்டயர் குதிகாலில் ஏறும், கணுக்கால் போய்விடும். உங்களுக்கு அது அறுவை செய்த கால். வண்டி அசைவது நிற்கும்வரை கால் தட்டிலேயே இருக்கணும்.

பின்இருக்கை

உரிமம், பதிவு, காப்பீடு மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள் ஐயா. நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பாவில் ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் இடைவெளி 460 மி.மீ.க்குக் குறைவு என்றால் அது இருசக்கர வாகனக் கணக்கில்தான் வரும். மாற்றியமைத்த வண்டி என்றால் அந்த மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கணும்.

நெடுவழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இருவருமாகப் போய் இரண்டு வகையும் ஓட்டிப் பார்த்தோம். தம்பி சொன்னது அப்படியே நடந்தது. மைதானத்தில் வளைவு வந்ததும் கை உள்பிடியைத் தள்ளியது, வண்டி வெளிப்பக்கம் நகர்ந்தது. பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியின் சோபா போன்ற இருக்கை மனைவிக்குப் பிடித்தது. ஆனால் கிளட்சில் என் கை ஒத்துழைக்கவில்லை. ஸ்பைடர் ஆர்டியில் இடதுபக்கமிருந்து ஏறினேன், நல்ல காலை முன்னால் வளைத்துப் போட்டேன், இடது முழங்காலை மடக்க வேண்டியே இருக்கவில்லை. பயன்படுத்திய வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். நேர்ச்சாலையில் லேசாக இடப்பக்கம் இழுப்பது போல் இருந்தது. இது இயல்பா, குறையா?

மூன்றாம்கியர்

சாலையின் ஓரச்சரிவுக்குக் கொஞ்சம் இழுப்பது எல்லா டிரைக்கிலும் உண்டு. சாலையின் எதிர்ச்சரிவில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறினால் சாலைதான் காரணம், மாறாமல் அதே பக்கம் இழுத்தால் வண்டி. முதலில் முன்டயர்கள் இரண்டிலும் காற்று சமமா என்று வண்டியில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பைக் டயரைவிட அது மிகக் குறைவாக இருக்கும், பைக் பழக்கத்தில் ஏற்றிவிடாதீர்கள். அப்புறம் குனிந்து முன்டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட் விலகியிருக்கிறது. லேசர் வைத்துச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தால் சரியாகிவிடும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பின்டயர் நடுவில் தட்டையாகியிருந்தால் அதற்கும் சேர்த்துக் கழியுங்கள்.