மறு: பாக்டீரியா தரும் நிறத்துக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் சாயத்துக்கு "வளர்சாயம்", "நுண்ணுயிர்ச் சாயம்" என்ற சொற்கள் இக்குழுவில் முன்மொழியப்பட்டிருக்கின்றன. "வளர்சாயம்" காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, வினைத்தொகை வேறு. ஆனால் சாயம் தரும் அவுரியும் சாயவேரும் மண்ணில் வளர்பவைதானே? அவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டாத சொல்லை அகராதியில் ஏற்றி என்ன பயன்?

முதலில் நிறமியையும் சாயத்தையும் குழப்பாமல் இருப்போம். செராட்டியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் சிவப்புப் புரோடிஜியோசின் ஒரு நிறமி. அது தண்ணீரில் எளிதில் கரையாது. எத்தனாலில் கரைத்தெடுத்து, பட்டிலோ கம்பளியிலோ ஏற்றிய பிறகுதான் சாயம். பருத்தியில் அவ்வளவாகப் பிடிக்காது, வெயிலில் வெளுக்கும். காரம் பட்டால் மஞ்சள் பக்கம் சாயும். அமிலம் விட்டால் மறுபடி சிவக்கும். சாயப்பட்டறைக்காரர் எவரும் இதைக் கெட்டிச்சாயம் என்று ஒப்பமாட்டார். (அந்தக் "கெட்டி"யையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். "வண்ண நிலைப்புத்திறன்" எல்லாம் எதற்கு?)

"நுண்ணுயிர்ச் சாயம்" எனக்குச் சம்மதமே. பூஞ்சையும் அதில் அடங்குமே என்றால், அடங்கட்டும். பாக்டீரியாவை மட்டும் சுட்டும் இடத்தில் "பாக்டீரியாச் சாயம்" என்று எழுதிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புரோடிஜியோசினும், இன்னொரு பாக்டீரியா நிறமியான ஊதா நிற வயலசீனும், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. உடனே "நுண்ணுயிர் எதிர்ப்பு நுண்ணுயிர்ச் சாயம்" என்று எழுத நேர்கிறது. எது எதை எதிர்க்கிறது என்று வாசகர் தலையைச் சொறிவார்.

நிறம் தருவதை நுண்ணுயிர் என்போம், தடுக்கப்படுவதைக் கிருமி என்போம். என் பரிந்துரை: கிருமித்தடைச் சாயம். "கொல்லி" வேண்டாம், அது அதிகம் வாக்களிக்கிறது. பாக்டீரியாக்களைச் செல்சுவரின் அமைப்பை வைத்துக் கிராம்-நேர், கிராம்-எதிர் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். வயலசீன் முதல் வகையிடம் காட்டும் வேகத்தை இரண்டாம் வகையிடம் காட்டுவதில்லை.

செராட்டியாவே மருத்துவமனைகளில் தொற்று உண்டாக்கும் கிருமிதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். 1819-இல் இத்தாலியில் பதுவா நகருக்கு அருகே மக்காச்சோளக் களி இரத்தச் சிவப்பாக மாறியபோது ஊரார் அதைப் பேய்வேலை என்று அஞ்சினார்கள். ஓர் உயிரி செய்த வேலை என்று காட்டியவர் பார்த்தொலொமேயோ பித்சியோ என்ற மருந்தாளுநர். அந்த உயிரிதான் செராட்டியா. ஒரே உயிரி ஓரிடத்தில் கிருமி, இன்னோரிடத்தில் சாயம் தருவது. இந்தச் சொல்லில் கிருமி என்பது இனத்தின் பெயரன்று, அது வகிக்கும் பாத்திரத்தின் பெயர்.

சாயத்தொழிலில் இருப்பவர்கள் எவரேனும் இக்குழுவில் இருந்தால், பட்டறையில் இதற்கு ஏற்கெனவே சொல் புழங்குகிறதா என்று எழுதுங்கள். இருந்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.