ஃபேவ்: தமிழில் என்ன சொல்லலாம்?

பாரிசிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். இங்கே புறநகரில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஜனவரி பிறந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கலெத் தே ருவா சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்கள் திருநாளுக்கு உரிய பலகாரம் அது. பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக வரும் மாவு, நடுவில் அரைத்த வாதுமை. தெற்குப் பக்கம் போனால் பழத்துண்டு பதித்த வளைய ரொட்டியாக இருக்கும். இரண்டுக்கும் உள்ளே ஒரு சின்னப் பொருளை ஒளித்துவைப்பார்கள். அதுதான் ஃபேவ். வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் போய் உட்காரும். பெரியவர்கள் துண்டு போட்டு "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்க, அது ஒவ்வொரு பெயராகச் சொல்லும். யார் துண்டில் ஃபேவ் இருக்கிறதோ அவர் அன்றைக்கு ராசா. தலையில் தங்கக் காகிதக் கிரீடம்.

இதைப் பற்றி ஒரு பக்கப் பாடம் எழுதியிருக்கிறேன். ஃபேவ் வரும் இடமெல்லாம் வெற்றிடமாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அச்செடுக்க வேண்டும். உதவுங்கள்.

மதுரையிலிருந்து:

அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபேவ் என்றால் அவரை. முதலில் உள்ளே வைத்தது காய்ந்த அவரை விதையைத்தான். லத்தீனில் ஃபாபா. நம் அவரையும் பனிக்காலத்துச் செடி. அது அரும்பனி அச்சிரத்தில் பூப்பதைக் குறுந்தொகை பாடியிருக்கிறது. அச்சிரம் என்பது முன்பனி, அதாவது மார்கழியும் தையும். ஜனவரி 6 மார்கழியில்தானே விழுகிறது! ஃபாபாவில் முதல் எழுத்து உதிர்ந்து, பகரம் வகரமானால் 'அவ' கிடைத்துவிடும். இந்த உறவை யாராவது ஆராய வேண்டும்.

கோவையிலிருந்து:

ஐயா, கன்னடத்தில் அவரெ, மலையாளத்தில் அமர. அவரை திராவிடக் குடும்பத்துக்குள்ளேயே வேர் உள்ள சொல். ஃபாபாவுக்கு ருசிய மொழியில் பாப் என்று உறவு இருக்கிறது. அது வேறு குடும்பம். செடியும் வேறு. ஐரோப்பியர் சொல்வது கொடியாகப் படராமல் நிமிர்ந்து நிற்கும், பெரிய தட்டைவிதைச் செடி.

அது போகட்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஃபேவ் பீங்கானாகிவிட்டது. இப்போது ஆட்டுக்குட்டி, கார், கார்ட்டூன் பொம்மை என்று எல்லா உருவத்திலும் வருகிறது. பிள்ளை கையில் பீங்கான் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு 'அவரை கிடைத்தது' என்று சொல்லுமா? பேசாமல் ஃபேவ் என்றே எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

எண்ணெய் என்பது எள்ளின் நெய். தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது யாருக்காவது எள் நினைவுக்கு வருகிறதா? பொருள் மாறினாலும் பெயர் நிற்கும். பிரெஞ்சுக்காரரும் பீங்கானை அவரை என்றுதானே சொல்கிறார்கள்? அவர்களுக்குத் தடை இல்லாதது நமக்கு மட்டும் ஏன்?

இன்னொன்று. வகர மெய்யில் முடிகிற சொற்கள் நான்குதான் என்கிறது தொல்காப்பியம்: அவ், இவ், உவ், தெவ். ஐந்தாவதாக ஃபேவைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து:

கிடைக்கிறவர் ராசா என்பதால் 'முடிவிதை' என்று வைக்கலாமா என்று பார்த்தேன். 'முடிவு இதை' என்று பிரிகிறது. அரசு, அவரை இரண்டையும் சேர்த்து 'அரசவரை' என்றால், வரை மலையும் ஆகும் என்பதால், அரசமலை போலத் தோன்றுகிறது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஆனால் மேசைக்கு அடியில் உட்காரும் பிள்ளையை என்னால் விட முடியவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை, நினைத்துப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பழைய ஏதென்சிலும் பல பதவிகளுக்கு அவரை விதையால் சீட்டுப் போட்டு ஆள் எடுத்தார்கள். ரோமில் சாட்டர்ன் என்ற கடவுளின் திருவிழாவில் ஒரு விளையாட்டு ராசாவைச் சீட்டில் தேர்ந்தார்கள். இவற்றுக்குள் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பக்கமும் சாயாத கை வேண்டுமென்றால் மனிதர் குழந்தையின் கையைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான். குடவோலை போல 'குடமணி' என்றால் என்ன?

புதுச்சேரியிலிருந்து:

குடம் எங்கே இருக்கிறது இதில்? 'அரச' என்று தொடங்கும் சொல்லும் வேண்டாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ராசா என்ற பெயரே ஆகாது என்று இந்தப் பலகாரத்துக்குச் 'சமத்துவ' என்ற அடைமொழியைப் போட்டார்கள். இன்றைக்கும் எலிசே மாளிகைக்குச் செய்து அனுப்பும் கலெத்தில் ஃபேவ் வைப்பதில்லை. குடியரசுத் தலைவர் தவறிக்கூட ராசாவாகிவிடக் கூடாதே.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சென்னை நண்பர் சொன்ன 'மணி' எனக்குப் பிடித்திருக்கிறது. நெல்மணியும் மணிதான், கோத்துப் போடுவதும் மணிதான். விதையாக இருந்த காலத்துக்கும் பீங்கானான காலத்துக்கும் ஒரே சொல் பொருந்தும். முன்னால் 'ஒளி' சேர்த்து 'ஒளிமணி' என்று சொல்லுவோம். ஒளித்த, ஒளிக்கிற, ஒளிக்கும் மணி, வினைத்தொகை. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

கோவையிலிருந்து:

ஒளிமணி என்றால் மின்னுகிற சீரியல் பல்பு என்று தமிழ்நாட்டில் நினைப்பார்கள். ஆனாலும் மற்றவற்றுக்கு இது மேல். சரி, என் வாக்கு இதற்கே.

புதுச்சேரியிலிருந்து:

எனக்கும் சம்மதம். ஃபேவ் சேகரிப்பவர்களுக்கு ஃபபோஃபில் என்றே ஒரு பெயர் உண்டு. அதற்கும் தமிழ் வேண்டுமே? அப்புறம், 'அவரைக்காய் தீர்ந்தது' என்றால் அவர்கள் பேச்சில் 'எல்லாம் போயிற்று' என்று பொருள். அங்கே வருவது ஃபேவ் இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த பீன்ஸ் வகையான அரிக்கோ. இதற்குத் தனி இழை தொடங்கலாமா?

பாரிசிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. அரிக்கோ இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். முதல் வரியில் 'ஒளிமணி (ஃபேவ்)' என்றும், அதன் பிறகு ஒளிமணி என்றும் போட்டு அச்செடுத்துவிட்டேன். முன்பு அது அவரை விதையாக இருந்தது என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன், மதுரை ஐயாவுக்காக.

இன்று வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, "டீச்சர், எனக்கு ரெண்டு வருசமா ஒளிமணி வரவே இல்லை" என்றது. சொல்லை ஒருமுறை கேட்டதோடு சரி, இரண்டாம் முறை அதன் வாயிலேயே வந்துவிட்டது.

மதுரையிலிருந்து:

பிள்ளை சொன்னதில் எனக்கும் மகிழ்ச்சிதான் அம்மா. ஆனால் என் வாக்கு அவரைக்கே. அந்த ஒரு வரியை அடுத்த ஆண்டு அச்சிலும் எடுத்துவிடாதீர்கள்.