பாளையங்கோட்டைக் கூட்டத்துக்கு நட்சத்திரம் வேணுமா?

பொருநைச்செல்வி:
அடுத்த மாசம் பாளையங்கோட்டையில பால்புதுமையர் (ஆண்-பெண் வழக்கத்துக்கு வெளிய உள்ள பாலினமோ ஈர்ப்போ உள்ளவங்க) உரிமைக் கூட்டம் நடக்கப்போகுது. பிரபலமான திருநங்கை நடிகை ஒருத்தரக் கூப்பிட்டு, ‘நம் எல்லோரின் குரல்’னு நோட்டீஸ் அடிக்கலாம்னு குழு நினைக்கு. நான் ஆதரிக்கேன். தெரிஞ்ச முகம் சொன்னாத்தான் ஊர்ச்சனம் நின்னு கேக்கும். ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் 2019ல தனக்கு ஒரு பெண்ணோட உறவு இருக்குன்னு சொன்னது நாடு முழுக்கச் செய்தியாச்சு. ஒடிசாவுல நெசவாளர் வீட்டுப் பொண்ணு. வாய் தொறந்து சொல்ல முடியாத பிள்ளைக்கு, அம்மாகிட்ட நீட்ட அந்தச் செய்தித்தாள் ஒண்ணு போதும்.

கொக்கிரகுளம் வக்கீல்:
செல்வி, அந்த நடிகையக் கூப்பிடுங்க, நான் மறுக்கல. ‘எல்லோரின் குரல்’ங்கிற வரிதான் தப்பு. வீட்ட விட்டு வெளியேறுன திருநம்பிக்கோ (பெண்ணுன்னு வளர்க்கப்பட்டு, தன்னை ஆணா உணர்றவர்), சேர்ந்து வாழப்போன ரெண்டு பெண்களுக்கோ முதல்ல வாரது போலீஸ்தான். பெத்தவங்க ‘பொண்ணக் காணோம்’னு புகார் குடுத்துருவாங்க. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7ல இதுக்குத் தெளிவா வழி சொல்லியிருக்கு. விசாரிக்கையில அவங்க வயசுக்கு வந்தவங்க, சொந்த விருப்பத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிக்கிட்டு, தொந்தரவு குடுக்காம புகார முடிச்சிரணும். சிகிச்சைங்கிற பேர்ல ஆளோட இயல்ப மாத்தப் பாக்கதும் கூடாதுன்னு அதே உத்தரவு சொல்லுது. ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறவங்களுக்கு வேண்டியது இந்த உத்தரவோட நகல். சினிமாவுல பட்ட அவமானத்தப் பேச வாரவங்ககிட்ட இது கிடைக்குமா?

மேலப்பாளையத்தான்:
வக்கீலய்யா, உத்தரவு நகல் கையில இருந்தாலும் அதைக் காதுகுடுத்துக் கேக்க ஒரு ஏட்டு வேணும்லா? பெரிய இடத்துச் சொல்லுக்கு வலு உண்டு. ‘திருநங்கை’ங்கிற சொல்லையே பாருங்க. கருணாநிதி ஆட்சியில, 2008ல திருநங்கையர் நலவாரியம் வந்தது. அப்புறம்தான் அந்தச் சொல் பேப்பர்லயும் அரசாங்கக் கடுதாசியிலயும் ஊணிச்சு. திருநங்கை பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019ல பத்மஸ்ரீ, 2021ல மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவுல இடம். இத எடுத்துச் சொன்னா, திருநங்கை மகள நாட்டியம் படிக்க விட யோசிக்குத வீட்டுல ஒரு தயக்கமாவது உடையும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, நீங்க சொன்ன சொல்லுலயே குறையும் இருக்கு. திருநங்கைன்னு ஊரே பேசப் பழகிட்டு, ஆனா திருநம்பி, ஊடுபால் (ஆண், பெண்ணுன்னு உடம்பால தெளிவாப் பிரிக்க முடியாமப் பிறந்தவங்க)னு சொன்னா இன்னும் முழிக்காங்க. தூத்துக்குடியில ஒரு ஆணும் திருநங்கையும் தங்க கல்யாணத்தப் பதிவு பண்ண வழக்குப் போட்டாங்க. 2019 ஏப்ரல்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்துல ‘மணமகள்’னா திருநங்கையும் அடக்கம்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அதே தீர்ப்புல, ஊடுபால் குழந்தைகளுக்கு ஆணா பெண்ணான்னு ஆக்குற அறுவைச் சிகிச்சையத் தடை பண்ணணும்னும் சொன்னாங்க. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விலக்கு. அந்த ஆகஸ்டுலயே அரசாணை வந்துட்டு. நம்ம பக்கத்து ஊர்க்காரங்க, சினிமாப் புகழ் எதுவும் இல்லாதவங்க போட்ட வழக்கு அது. பிரசவ வார்டுல ‘உடனே ஆபரேஷன் பண்ணிருவோமா’ன்னு கலங்கி நிக்கிற தாய்க்கு இது தெரிஞ்சாகணும்.

கொக்கிரகுளம் வக்கீல்:
சாதிய விட்டுட்டுப் பேசுதோம். 2015ல தமிழக அரசு திருநங்கையரை எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) பட்டியல்ல சேர்த்துது. பட்டியல் சாதியில பிறந்தவங்க, எஸ்சி சான்றா எம்பிசியான்னு ஒண்ணத்தான் பிடிக்க முடிஞ்சுது. ஒடுக்குமுறை ரெண்டு, ஒதுக்கீடு ஒண்ணு. அதனாலதான் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவங்க கிடைமட்ட இடஒதுக்கீடு கேக்காங்க. அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளயும் திருநருக்கு (திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும்) தனி இடம். கர்நாடகம் 2021லயே அரசு வேலையில 1 சதவீதம் அப்படிக் குடுத்துட்டு. வசதியான வீட்டுல பிறந்த நட்சத்திரத்துக்கு இந்தக் கணக்கு உறைக்குமா?

புகழ் எதிராவும் திரும்பும். அமெரிக்காவோட கெய்ட்லின் ஜென்னர், 1976 ஒலிம்பிக்ல டெகாத்லான்ங்கிற பத்துப்போட்டித் தடகளத்துல தங்கம். 2015ல தன்னைத் திருநங்கைன்னு அறிவிச்சப்போ உலகமே கொண்டாடுச்சு. 2021ல, பள்ளியில பெண்கள் போட்டியில திருநங்கைச் சிறுமிகள் ஓடக்கூடாதுன்னுட்டாங்க. அது அவங்க கருத்து, சொல்லட்டும். ‘எல்லோரின் குரல்’னு பட்டம் கட்டுனா அந்தச் சிறுமிகள் தலையிலயும்லா அது விடியும்?

பொருநைச்செல்வி:
ஜென்னர் விஷயத்த ஒத்துக்கிடுதேன். ஆனா நடிகை வரலைன்னா அரங்குல 40 பேர் கூட வரமாட்டாங்க, நீங்களே பேசி நீங்களே கேக்கணும். ரெண்டு மணி நேரக் கூட்டத்துல அவங்களுக்கு முதல் 20 நிமிஷம். ஆள் கலையுறதுக்குள்ள சட்டம் பேச 25, ஊடுபால் பத்தி 15, திருநம்பி ஒருத்தருக்கு 20. மிச்சம் கேள்விக்கு.

தென்காசிச் சாரல்:
கேள்விய மைக்குல கேக்க வைக்காதீங்க. பேர் இல்லாத துண்டுச்சீட்டுதான். எழுந்து நின்னு கேட்டா யாரு எவருன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். நடிகை வந்தா செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடும். பின்னாடி உக்காந்திருக்குற பிள்ளை முகமும் படத்துல விழுந்து, ராத்திரிக்குள்ள வீட்டு வாட்ஸ்அப்புக்குப் போயிரும். அரங்குக்குள்ள படமே கூடாது. வேணும்னா வெளிய பேனர் முன்னாடி எடுத்துக்கிடட்டும்.

மேலப்பாளையத்தான்:
படம் கூடாதுங்கிறது சரி. ஆனா நோட்டீஸ்ல அவங்க பேரு பெரிய எழுத்துல இருக்கணும், இதுல நான் இறங்கி வரமாட்டேன்.

கொக்கிரகுளம் வக்கீல்:
பேரு பெருசாவே இருக்கட்டும் அண்ணாச்சி. பேருக்குக் கீழ ‘நடிகை, திருநங்கை’ன்னு மட்டும் போடுங்க. ‘எல்லோரின் குரல்’ இருந்த இடத்துல மத்த மூணு பேச்சாளர் பேரும் வரணும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, அதுக்கு முன்னால புரூஃப் அனுப்புங்க.